கடலை எப்படி இருக்கு?

குழுவுக்கு நான் வைத்த பெயர் 'புறாமலைப் பயணம்'.
இரண்டாம் நாள் லோஜிதன் அதை
'புறாவுமில்லை மலையுமில்லை' ஆக்கினான்.
மூன்றாம் நாள் முகப்புப் படத்தில் ஒரு நீல வாளி.
யார் போட்டது, ஏன் வாளி,
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பதினொரு பேர்.
சனியா ஞாயிறா என்று வாக்கெடுப்பு வைத்தேன்.
பதினாறு வாக்கு விழுந்தது.
'கள்ள வோட்டு!' என்று கத்தினாள் ஜெனிற்றா.
இரண்டுக்கும் குத்தியவள் அவள்தான்.

சனி என்றால் விதுஷன் மரக்கறி.
ஞாயிறு என்றால் ஜெனிற்றாவுக்குப் பூசை.
வெள்ளி பேச்சுக்கே இடமில்லை, அஸ்ஹருக்கு ஜும்ஆ.
'கிழமைக்கு எட்டாவது நாள் ஒண்டு
கச்சேரியில எழுதிக் கேப்பமா?' என்று ஹிஸானா
கிண்ணியாவிலிருந்து இரவு பதினொன்றுக்கு.

சாப்பாட்டுக்கு நூற்று நாற்பது செய்தி.
படகுக் காசுக்கு ஒன்றுமில்லை.
கேட்டால் எல்லாருக்கும் ஒரேயடியாகச் சிக்னல் போய்விடும்.
காசு போட்டவன் ஒரே ஒருத்தன்:
தோஹாவில் இருக்கிற, வரவே முடியாத நிதர்சன்.
'வானில எனக்கு யன்னல் சீட்.'
'சரி மச்சான், உன்ர சீட்டில ஐஸ்பெட்டி இருக்கும்,
பெல்ட் போட்டு விடுறம்.'

அன்றிரவுதான் நான் கடல் எப்படி இருக்கு என்று கேட்கப்போய்
'கடலை எப்படி இருக்கு?' என்று அனுப்பிவிட்டேன்.
'அவிச்சாச்சு.'
'தேங்காய்ச் சொட்டும் போட்டாச்சு.'
'மிளகாய் காணாது.'
அழிப்பதற்குள் ஏழு பேர் படம் பிடித்திருந்தார்கள்.
கச்சான் காற்று கூடவாம், பாத்துப் போகட்டாம்
என்று அஸ்ஹர் மெய்யாகவே ஒரு தகவல் போட,
'சுருள் எவ்வளவு?' என்றான் லோஜிதன்.
அதோடு சரி.
காலநிலை பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு, ஐந்தரை, கோட்டை வாசல்.
(ஜெனிற்றா பூசையை மாலைக்கு மாற்றியிருந்தாள்.)
ஆறு இருபதுக்கு வான்காரரின் செய்தி:
'தங்கச்சி, கியர் விழுகுதில்ல.'
லோஜிதன் குரலில் அனுப்பினான், 'வந்துகொண்டே இருக்கிறன்.'
பின்னால் மின்விசிறிச் சத்தம்.

அப்போதுதான் அந்த மான் வந்தது.
கோட்டைக்குச் சொந்தக்காரர் போல,
அவசரமில்லாமல்.
விதுஷனின் பையைக் கொம்பால் திறந்து
இடியப்பம் அத்தனையும் தின்று
சம்பலை மட்டும் மரியாதையாக விட்டுவைத்தது.
படம் போன அடுத்த நொடி, கட்டிலிலிருந்து லோஜிதன்:
'மானைக் குழுவில சேருங்கோ.
நேரத்துக்கு வந்தது அது ஒண்டுதான்.'

ஏழு பேர் டச் பே மணலில் குந்தினோம்.
நிலாவெளி அங்கே, புறாமலை அதற்கும் அங்கால்,
எங்களிடம் இருந்தது ஒரு ஐஸ்பெட்டியும்
துடுப்பில்லாத துணிச்சலும்.
பக்கத்தில் இருந்த ஹிஸானாவின் பகிடி
என் கைபேசிக்கு முதலில் வந்தது,
அவள் சிரிப்பு பிறகுதான் வந்தது.
தோளில் இடித்தேன். 'வாயால சொல்லன்டி.'
'வாயால சொன்னா நீ திருப்பிக் கேப்பாய்' என்றாள்.

சைக்கிளில் கடலைக்காரர்.
ஏழு சுருள் வாங்கி, எட்டாவதும் வாங்கி,
அதை ஐஸ்பெட்டிக்கு மேலே வைத்தோம்.

தோஹாவில் அப்போது விடியப்போகிற நேரம்,
வேலைக்குப் போகும் பஸ்.
நிதர்சன் வேண்டுமென்றே எழுதினான்:
'கடலை எப்படி இருக்கு?'

யாரும் எழுதவில்லை.
நான் கைபேசியை அலை தொடும் இடத்துக்குக் கொண்டுபோய்
பதினான்கு செக்கன் பிடித்தேன்.
நடுவில் அஸ்ஹர் கொறிக்கும் சத்தமும் விழுந்துவிட்டது.

நீலக்குறி இரண்டும் வந்தன.
'எழுதுகிறார்' வந்தது, போனது,
வந்தது, போனது.

'உப்புக் கூடிப்போச்சு' என்றான்.